கூழ் குடித்த கம்பிகளும் எங்கள் அக்காவும்

இந்த மலரின் முதல் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்ப்பவர்களுக்கு அக்கா கோபமாக இருப்பதுபோலத் தெரியும். கோபம்தான். உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரர், படம் எடுத்து முடிக்கும்வரை பேசாமல் இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அக்கா விழித்திருக்கும்போது பேசாமல் இருந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே சாட்சி அந்தப் படம்.

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு உறவுக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர், அழகாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா சாந்தமே உருவானவர் என்றும், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர் என்றும் அதில் இருந்தது. அக்காவின் மூத்த மகள் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். "இது யாரோ வேற அம்மா, மாமா. எங்கம்மாவ நீ எழுது" என்றாள். நான் ஏழாம் வகுப்பில் பாதியில் எழுந்து போனவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருப்பது அக்காவைப் பற்றி என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அக்கா பிறந்தது பழையசீவரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில். தேதி யாருக்கும் தெரியாது. ஆற்றில் பெரிய வெள்ளம் வந்த வருடம் என்பார் அப்பா. எந்த வெள்ளம் என்று கேட்டால் அடிக்க வருவார். என்னைப் பெற்ற காய்ச்சலில் அம்மா போய்விட்டார். அப்போது அக்காவுக்குப் பாவாடை கட்டும் வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சமைத்தார், களை பறித்தார், சண்டை போட்டார். பசி இருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்ததால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தண்ணீருக்கு நாங்கள் கஷ்டப்பட்டதில்லை. கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். குடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மணலைப் பறித்தால் முழங்கை ஆழத்தில் ஊற்று வந்துவிடும். பக்கத்துக் குழியில் பறிப்பவளோடு அக்கா பேசத் தொடங்கினால், பேச்சு முடிவதற்குள் குடம் வழிந்து காலை நனைக்கும். தண்ணீர் என்பது கையால் பறித்தால் வருவது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கட்டிக்கொடுத்தது பெருநகர் கிராமத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் உள்ள ஊரில். மேட்டு நிலம். மேலே சரளை, கீழே பாறை. போன முதல் கோடையில் அக்கா கொல்லைக்குப் போய், பழக்கதோஷத்தில் தரையைக் கையால் பறித்துப் பார்த்திருக்கிறார். ஒரு நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மாமியார் இதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்தார். அந்த அம்மா சிரித்த விஷயம் வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது.

அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த பிறகு காமாலையில் போய்விட்டார். போவதற்கு முன்பே பாகப்பிரிவினை ஆகியிருந்தது. அவருடைய அண்ணனை நாங்கள் பெரிய மாமா என்று அழைப்போம். ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் பெரிய மாமா பங்கில் போனது. அதோடு மேட்டில் ஒரு துண்டும். அதை ஒட்டியிருந்த மேடு முழுக்க அக்கா பங்கு. பிரிவினை நடந்த வருடம் அக்கா நிலத்து வரப்பில் யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் நிலத்தில் உப்பு விழுந்தால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. யார் கொட்டியது என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமில்லை. அவரும் தம்பி மனைவியிடம் நேராகப் பேச மாட்டார். மற்றப் பெண்கள் பேசாமலே இருந்துவிடுவார்கள். அக்காவால் முடியுமா? பெரிய மாமாவிடம் ஒரு செவலை நாய் இருந்தது. பெயர் சிப்பாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் படுத்திருக்கும். அக்கா அதனிடம் சொல்வார்.

"டேய் சிப்பாய், உங்க ஐயா மாடு எங்க வூட்டு வைக்கோல துண்ணுகினு கீதுன்னு சொல்லு."

பெரிய மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு அதே நாயிடம் பதில் சொல்வார். "சிப்பாய், வைக்கோல கட்டி வைக்கச் சொல்லுடா. மாட்ட கட்டியாச்சு." சிப்பாய் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கும். வரி, வாய்க்கால், கல்யாணம், கருமாதி எல்லாம் அந்த நாய் வழியாகத்தான் பேசி முடிவானது.

மழை பொய்த்த அந்த இரண்டு வருடங்கள் பலருக்கு நினைவிருக்கும். அக்கா நிலத்தில் புல்கூட முளைக்கவில்லை. பெரிய மாமா பங்காளிகளைக் கூட்டி வைத்தார். பெண்பிள்ளை ஒருத்தி இந்த மேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், நிலத்தை என் நிலத்தோடு சேர்த்துவிட்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸில் வீட்டு வேலைக்குப் போகட்டும், வருடத்துக்கு நெல் கொடுத்துவிடுகிறேன் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அப்படித்தான் யோசிக்கத் தெரியும். அக்கா சிப்பாயிடம் நீளமாகப் பதில் சொன்னார். அதை மலரில் போட முடியாது. கடைசியில் பெரியவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள்: ஆடியில் விதைப்பதற்குள் அந்த நிலத்தில் தண்ணீர் கண்டால் அக்கா இருக்கலாம். இல்லையென்றால் நிலம் பெரிய மாமாவுக்கு. அக்காவிடம் இருந்த நகைக்கு ஒரு கிணறுதான் வெட்ட முடியும். இடம் தப்பினால் இன்னொரு இடம் கிடையாது.

இதெல்லாம் நடந்தபோது நான் ஊரில் இல்லை. விஜயவாடா லாரியில் கிளீனர், பம்பாயில் ஓட்டலில் தட்டு கழுவல், மரக்காணம் உப்பளத்தில் இரண்டு கோடை என்று திரிந்துகொண்டிருந்தேன். உப்பளத்தில் கால் வெடித்து நடக்க முடியாமல் போனதும், அரசாங்கத்தின் நிலவியல் ஆய்வு ஜீப் ஒன்றில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். இரும்புக் கம்பியைத் தரையில் சுத்தியால் அடிப்பது, பிடுங்குவது, வேறு இடத்தில் அடிப்பது. அவ்வளவுதான் வேலை. அந்த அலுவலகத்துக்கு எந்த விவசாயி மனுப் போட்டாலும் முறை வரும்போது ஜீப் வந்து கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொல்லும். யார் எந்தக் கல்லைக் கொண்டுவந்து நீட்டினாலும் அது என்ன கல் என்று சொல்வதும் அவர்கள் வேலைதான்.

ஒரு சித்திரை மாதக் காலையில் ஜீப் உத்திரமேரூர் தாண்டித் திரும்பியபோதுதான் எந்த ஊருக்குப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. மனுப் போட்டது அக்கா. ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து கம்பிக் கட்டோடு நான் இறங்கினேன். மூன்று வருடம் கழித்து என்னைப் பார்க்கிறார். மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா, கவருமென்ட்டா ஆயிட்டியா? சம்பளம் தர்றாங்களா, வெறும் சோறா?"

சம்பளம்தான் என்றேன். "அப்ப ஒடம்பு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, ஜீப்பில் வந்த அதிகாரியிடம் போய்விட்டார். அவர் இளைஞர். தெற்கத்திக்காரர். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாங்கள் அவரை சார் என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

வேலை எப்படி நடக்கும் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முள் உள்ள மீட்டர் பெட்டி ஒன்று. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, வயரால் பெட்டியோடு சேர்ப்போம். வெளியே உள்ள இரண்டு கம்பியில் மின்சாரம் விட்டால், பூமி அதை எவ்வளவு எளிதாக விடுகிறது என்று முள் காட்டும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தில் உள்ளது தெரியும். ஈரப் பாறைக்கு ஒரு கணக்கு, காய்ந்த பாறைக்கு வேறு கணக்கு. ஆனால் மேல்மண் அக்கா நிலம்போலக் காய்ந்து கிடந்தால் மின்சாரம் உள்ளேயே இறங்காது. முள் அசையாது. அதற்குக் கம்பியின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நான்கு கம்பியையும் அடித்தேன். முள் அசையவில்லை. சார் அக்காவிடம், ஒரு குடம் தண்ணீரில் இரண்டு கை உப்பு கரைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

அக்கா நகரவில்லை. எதற்கு என்று கேட்டார். நிலத்தில் ஊற்ற என்றார் சார்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. அக்கா குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

சார் விஞ்ஞானம் விளக்கினார். அக்கா முழுவதும் கேட்டார். பிறகு, ஒரு தடவை வரப்பில் விழுந்த உப்புக்கே வீட்டுக்காரர் போய்விட்டார், இப்போது ஜீப் வைத்துக்கொண்டு வந்து நடு நிலத்தில் ஊற்றச் சொல்கிறீர்களா என்றார். பக்கத்து நிலத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரிய மாமா வானத்தைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா பாத்துகினு நிக்கிற? உப்பளத்துல வேல செஞ்சவன்தானே நீ? அங்க ஒரு செடி மொளைச்சு பாத்தியா?"

பார்க்கவில்லை. சுத்தியைக் கீழே வைத்தேன்.

உப்பு இல்லாமல் வேலை நடக்காது, பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், மறுபடி முறை வர அடுத்த வருடம் ஆகும் என்றார் சார். அடுத்த வருடம் என்றால் ஆடி தாண்டிவிடும். அது அக்காவுக்கும் தெரியும், பெரிய மாமாவுக்கும் தெரியும். ஓட்டுநர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

அப்போது சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று சொன்னார். "ஈரம் வேணும்மா, அதுல உப்பு இருக்கணும். தண்ணியாத்தான் இருக்கணும்னு இல்ல."

அக்கா யோசித்தார். "கூழு?"

சார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கரைத்த கூழில் ஈரமும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது.

"மாரியாத்தாளுக்கு ஊத்துறோம். பூமாதேவிக்கு ஊத்தனா இன்னா தப்பு? அது சோறு. சோத்துல போட்ட உப்பு எந்தக் குடியையும் கெடுக்காது" என்று அக்கா தமக்குத் தாமே தீர்ப்பு சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

கேழ்வரகுக் கூழ் கரையும்வரை சார் மர நிழலில் உட்கார்ந்தார். அதற்குள் கல் பார்த்துச் சொல்கிற ஆள் வந்திருப்பதாக ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. ஒருவர் பல வருடமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மின்னும் கல்லைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். காக்காப்பொன் என்று சார் சொன்னதும், அதை மறுபடி அதே துண்டில் அதே பத்திரத்தோடு சுற்றிக்கொண்டு போனார். ஓர் அம்மாள் அம்மியையே ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். துவையலில் மணல் கடிக்கிறது, என்ன காரணம் என்று கேட்டார். சார் தடவிப் பார்த்து, இது கரையும் கல், அம்மிக்கு ஆகாது என்றார். அது சம்பந்தி வீட்டுச் சீர். அந்தச் சம்பந்திகள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அக்கா கூழ்ப் பானையோடு வந்தார். ஒரு கம்பிக்கு ஒரு சொம்பு. ஊற்றுவதற்கு முன் கம்பியில் ஒரு கொத்து வேப்பிலை சொருகினார். வயரை எங்கே மாட்டுவது என்று சார் கேட்டார். இலையை விலக்கிவிட்டு மாட்டிக்கொள்ளச் சொன்னார். கூழ் இறங்கியது. முள் அசைந்தது. சாரின் முகத்தைப் பார்த்தால், அவர் வாங்கிய பட்டத்துக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்ததுபோல இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வேப்பிலை சொருகிக் கூழ் ஊற்றுவதைப் பார்த்தவர்கள் சொம்பு எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றினால் ஊருக்கும் ஊற்ற வேண்டும். அது முறை. இல்லையென்று சொல்ல அக்காவால் முடியாது. வீட்டில் இருந்த கேழ்வரகு மாவு முழுவதும் அடுப்பேறியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வெங்காயம் உரித்தார்கள். யாரோ பம்பைக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் மூன்று சொம்பு குடித்துவிட்டு ஜீப்புக்கு அடியில் தூங்கிப்போனார். சார் ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் பென்சிலுமாக, வயரைத் தாண்டாதீர்கள், வயரைத் தாண்டாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே கணக்கு எழுதினார்.

கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்ததில் கடைசிக் கம்பி வரப்பைத் தாண்டிப் பெரிய மாமாவின் துண்டு நிலத்துக்குள் போய்விட்டது. அடித்துக்கொள்ளட்டும் என்று அவர் பெருந்தன்மையாகக் கை காட்டினார். காலையிலிருந்து சிப்பாய் எங்கள் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு கம்பியிலும் நாங்கள் வேலை முடித்த பிறகு கூழை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசிக் கம்பியில் அது கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. சார் மின்சாரத்தை விட்ட அதே நேரத்தில் நாக்கை வைத்தது.

ஆள் உயரம் எழும்பியது என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவு இல்லை, இடுப்பு உயரம் இருக்கும். வள் என்று ஒரே சத்தம். வரப்பு, வேலி எல்லாம் தாண்டி ஓடி, வீட்டில் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அடி ஒன்றும் பலமில்லை, நாய் பிறகு வெகுகாலம் உயிரோடு இருந்தது. ஆனால் அன்றிலிருந்து இரும்பு எதைக் கண்டாலும் எழுந்து போய்விடும். கடப்பாரை இருக்கிற திசையில் தலை வைத்துப் படுக்காது.

மாலையில் சார் கணக்குப் பார்த்து, அக்கா நிலத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, மூன்று கல் வைத்துச் சுண்ணாம்பு பூசச் சொன்னார். மேலே சரளை, அதன் கீழே மக்கின பாறை, அதன் கீழே கெட்டிப் பாறை வரும் என்றார். "கெட்டிப் பாறையப் பார்த்து வேலைய நிறுத்திராதீங்க. அதுக்குக் கீழ ஒரு வெடிப்பு இருக்கு. தண்ணி அதுலதான்."

பெரிய மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தமது நிலத்தில், நாய் துள்ளிய இடத்தில், தம் கைத்தடியை ஊன்றினார். தண்ணீர் இங்கேதான் என்றார். அது மின்சாரம் தாக்கித் துள்ளியது, தண்ணீரால் இல்லை என்று சார் எடுத்துச் சொன்னார்.

"சார், காலைல இருந்து அத்தினி கம்பியையும் அது நக்கிச்சு. அங்க எங்கயாவது துள்ளுச்சா? இங்கதான் துள்ளுச்சு. வாயில்லா ஜீவனுக்குத் தெரியறது பொட்டிக்குத் தெரியாது."

சார் மறுபடி விளக்கத் தொடங்குவதற்குள் பம்பை அடிக்கத் தொடங்கிவிட்டது. கூட்டம் பெரிய மாமா பக்கம் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சுண்ணாம்புக் கல்லைவிட நாய் துள்ளியது எல்லாருக்கும் பிடித்திருந்தது.

நான் ஜீப்பில் ஏறவில்லை. அக்கா இருக்கச் சொல்லவும் இல்லை. "போறதுன்னா போ. இருக்கறதுன்னா அந்தக் கூடைய எடு" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு கிணறு ஒரே நேரத்தில் தோண்ட ஆரம்பமானது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரிய மாமாவின் ஆட்கள், இந்தப் பக்கம் அக்காவின் ஆட்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பிகள். மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவரவர் முதலாளியிடம் மற்றவர் கிணறு தேறாது என்று சொல்வார்கள். சிப்பாய் அந்தப் பக்கமே வராததால் அக்காவும் பெரிய மாமாவும் பேச வழியில்லாமல் தவித்தார்கள். அக்கா கொஞ்ச நாள் என்னிடம் சொல்லிப் பார்த்தார். நான் அந்த நாய் அளவுக்குப் பொறுமைசாலி இல்லை. பிறகு, தண்ணீர் வந்தால் கவலையேற்றம் இழுக்க என்று வைத்திருந்த மாட்டிடம் சொன்னார். மாடு நின்று கேட்காது.

கெட்டிப் பாறை முதலில் பெரிய மாமா கிணற்றில்தான் வந்தது. பாறையில் தமர்த் துளை போட்டு, வெடி வைத்து, இரண்டு ஆள் உயரம் போனார்கள். பொடிதான் வந்தது. ஒரு நாள் அவர் ஆட்களை நிறுத்திவிட்டார். நாய் மேல் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. நாய் சரியாகத்தான் துள்ளியது, துள்ளிய வேகத்தில் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது, அது விழுந்த இடத்தை நாம் குறித்துவிட்டோம் என்றார்.

எங்கள் கிணற்றிலும் கெட்டிப் பாறை வந்தது. வைகாசி போய் ஆனி பிறந்துவிட்டது. உளி மழுங்கியது. ஆட்கள் சோர்ந்துபோனார்கள். மேஸ்திரி அக்காவிடம் வந்து, இனி வெட்டுவது வீண், மிச்ச நகையாவது பெண்களுக்கு இருக்கட்டும் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். பங்காளிகளும் வந்து நின்றார்கள். மெட்ராஸில் வேலைக்கு இடம் பார்த்தாகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். அக்காவின் சின்ன மகள் மெட்ராஸில் கடல் இருக்குமா என்று கேட்டாள்.

அக்கா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்த இன்னொரு நேரம் உண்டென்றால் அதுதான். பிறகு எழுந்து புடவையை உதறினார்.

"அந்த சாரு நம்ம கூழ நெலத்துக்கும் ஊத்த வச்சாரு, தானும் ரெண்டு சொம்பு குடிச்சாரு. கெட்டிப் பாறை வரும்னாரு, வந்துச்சு. அதுக்குக் கீழ கீதுன்னாரு. அது மட்டும் எப்படிப் பொய்யாவும்? வெட்டுங்க."

வெட்டினோம். நானும் உள்ளே இறங்கினேன். கல்லை வாரிக் கூடையில் போட்டுக் கட்டினால் மேலே இழுப்பார்கள். முதுகு விட்டுப்போனது. உப்பளத்தைவிட நிழல் உண்டு என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒரு நாள் மத்தியானம் வைத்த வெடிக்குப் பிறகு புகை அடங்கியதும் முதலில் இறங்கியவன் நான். எப்போதும்போலப் பொடிதான். வாரிக் கட்டி அனுப்பினேன். மேலே கூடையை வாங்கிக் கொட்டிய பெண், "இன்னாத்துக்கு இத்தினி கனம்?" என்று கேட்டாள். பொடி ஈரமாக இருந்தது. நான் காலைப் பார்த்தேன். வெடித்துப்போன பழைய கால். வெடிப்புகளுக்குள் சில்லென்று ஏறியது.

மேலே நின்றவர்கள் தண்ணீர் என்று கத்தியது எதுவும் அக்கா காதில் ஏறவில்லை. யாரையும் நம்பாமல், சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து அவரே இறங்கிவிட்டார். பாறையில் ஒரு கோடு ஓடியது. அதன் மேல் கிடந்த பொடியை இரண்டு கையாலும் பறித்தார், ஆற்றங்கரையில் பறித்த மாதிரியே. பறித்த குழியில் தண்ணீர் கலங்கலாக ஊறி நின்றது. ஒரு கை அள்ளிக் குடித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கரிக்கல" என்றார்.

அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுதார். அதுவும் கொஞ்ச நேரம்தான். மேலே ஆள் காத்திருக்கிறார்கள் என்று ஏறிவிட்டார்.

மேட்டில் பெரிய மாமா நின்றிருந்தார். கையில் தடி. ஊரே நின்றது. அக்கா சேற்றுக் கையோடு அவர் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னார்.

"தண்ணி வந்துடுச்சு மாமா. உங்க துண்டுக்கும் சேத்து வாய்க்கா வெட்டிக்குங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பெரிய மாமா திடுக்கிட்டு, தமக்குப் பின்னால் நாய் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். நாய் இல்லை. வேறு வழியில்லாமல், "சரிம்மா" என்றார்.

அந்த ஆடியில் அக்கா மேட்டில் வேர்க்கடலை விதைத்தார். பின்பு நெல்லும் வைத்தார். அந்தக் கிணற்றை வைத்துத்தான் இரண்டு பெண்களையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். பெரிய மாமாவின் வறண்ட கிணற்றில் மழைக்குத் தண்ணீர் தேங்கும். தென்னை மட்டை ஊறப்போட ஆகிறது. அதற்கு நாய்க்கிணறு என்று பெயர். நான் மறுபடி ஊர் சுற்றப் போய்விட்டேன். எப்போது திரும்பி வந்தாலும் அக்கா முதலில் கேட்பது, "ஒடம்பு எங்க போச்சு?" என்பதுதான்.

கடைசியில் அக்காவுக்கு ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வந்தன. காஞ்சிபுரம் மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். அக்காவுக்கு நோய்கூடப் பொருட்டில்லை, இதைத்தான் தாங்க முடியவில்லை. வருகிறவர் எல்லாரிடமும் முறையிட்டார். "இரும்புக் கம்பிக்கே உப்பு போட்டு ஊத்தனவ நானு. எனக்கு இன்னாத்துக்கு சப்புனு குடுக்கிறாங்கோ?"

ஒரு நாள் பெரிய மாமா பார்க்க வந்தார். தள்ளாத வயதில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, வேட்டி மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அக்கா கையில் வைத்தார். பிரித்தால் உப்பு. அக்கா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு வரப்புல போட்டதும் இந்தக் கைதானா மாமா?"

பெரிய மாமா ஜன்னலைப் பார்த்தார். "அது ஒரு படி. இது ஒரு சிட்டிகைதான்" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா ஓடிவந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் நாக்கில் வைத்தது வைத்ததுதான். அது அவர் பேச்சு குறைவதற்குச் சில நாள் முன்னால். பேச்சு நின்ற பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

அக்காவை உப்பில்லாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதி நாளில் மழையில் நின்று பந்தல் போட்டவர்களுக்கும், கிணற்றில் எங்களோடு இறங்கிய மேஸ்திரிக்கும் அவர் ஆட்களுக்கும், இரண்டு மருமகப் பிள்ளைகளுக்கும் நன்றி. அன்று கூழ் குடித்த அந்த சார் இப்போது எந்த ஊரில் கல் பார்க்கிறாரோ தெரியாது. யார் கையிலாவது இந்த மலர் அவருக்குப் போய்ச் சேர்ந்தால், வெடிப்பு இன்னும் வற்றவில்லை என்று சொல்லுங்கள். சிப்பாய்க்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். இத்தனை காலம் ஒரு குடும்பத்தின் பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோனவர் வேறு யாரும் இல்லை.

இன்று படையல் முடிந்ததும் கிணற்றடியில் எல்லாருக்கும் கூழ் ஊற்றுகிறோம். நினைவு நாள் கூழில் உப்பு போடலாமா கூடாதா என்று நேற்று உறவுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. போட வேண்டும் என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். உப்பு போடுவதும் அவர்தான். அதிகம் என்று தோன்றினால் யாரும் தயங்க வேண்டாம். பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நேராக அவரிடமே சொல்லலாம்.